நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது இது. விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் நடந்துகொண்டிருந்த மருத்துவ ஆய்வு ஒன்றில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். விசாரணைக்காக எழுதிக் கொடுத்ததைத் தவிர, இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

என்ன ஆய்வு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையைப் பயராபீஸ் என்றுதான் சொல்வார்கள். அங்கே வேலை பார்க்கும் பலருக்கு மாதக்கணக்கில் இருமல் இருக்கும். அது காசநோய்க் கிருமியால் வருகிற இருமலா, பட்டாசு மருந்துத் தூசியால் நுரையீரல் புண்ணாகி வருகிற அழற்சியா என்று சீக்கிரம் பிரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் ஆய்வு. இரண்டுக்கும் இருமல் ஒரே மாதிரி இருக்கும். எக்ஸ்ரேயும் சில சமயம் ஒரே மாதிரி இருக்கும். வைத்தியம் மட்டும் நேர் எதிர். அழற்சிக்குக் கொடுக்கிற மாத்திரையைக் காசநோய்க்காரருக்குக் கொடுத்தால் கிருமிக்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஆகவே எல்லாமே சளிப் பரிசோதனையில்தான் நின்றது. அதைச் செய்கிறவள் நான்.

ஆரம்பத்தில் இரண்டு பேர் இருந்தோம். கூட இருந்த பெண் சித்திரையில் மதுரையில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு ஆள் போடுகிறோம் என்று சொன்னார்கள், போடவில்லை. இரண்டு பேர் வேலையை நான் ஒருத்தியே பார்த்தேன். கேட்டிருக்கலாம். என்னுடையது வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. புதுப்பிக்கிற மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. முணுமுணுக்கிறவள் என்று பேர் வாங்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின இரண்டு நாளும் என் மகளுக்குக் காய்ச்சல். சரியாகத் தூங்கவில்லை. என் கணவருக்குச் சிவகாசியில் அச்சாபீஸ் வேலை. காலண்டர் ஆர்டர் மும்முரத்தில் அவரால் லீவு போட முடியவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு வந்தேன்.

வந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பயராபீஸில் வெடி விபத்து என்று ஆம்புலன்ஸ்கள் வர ஆரம்பித்தன. ஆஸ்பத்திரி லேபில் ஆள் போதவில்லை. ரத்த மாதிரி எடுக்க என்னையும் கூப்பிட்டார்கள். ஆய்வு வேலைதான் என்றாலும் அந்த நேரத்தில் மாட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டோம். போனேன். நான் பார்த்ததை எழுதப் போவதில்லை. ஊசி குத்த இடமில்லாத கைகள் என்று மட்டும் சொல்கிறேன். ஒரு பெண் சுயநினைவோடு இருந்தார். வலிக்கிறது என்று சொல்லவில்லை. தன் டிபன் வாளியை யாராவது எடுத்து வைத்தார்களா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

பன்னிரண்டரைக்கு என் அறைக்குத் திரும்பினேன். கையைக் கழுவினேன். சாப்பிடத் தோன்றவில்லை. மேஜையில் தாயில்பட்டி கிராமத்திலிருந்து வந்த சளி டப்பாக்கள் காத்திருந்தன. கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற மிஷினில் ஒரே நேரத்தில் நாலு மாதிரி வைக்கலாம். ஒரு டப்பாவைத் திறந்து, மருந்து ஊற்றி, அதற்குரிய குப்பியில் மாற்றி, மூடி வைத்த பிறகுதான் அடுத்த டப்பாவைத் தொட வேண்டும். அதுதான் விதி. அன்று நேரம் போய்விட்டதே என்று இரண்டிரண்டாகத் திறந்தேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எண் போட்ட இரண்டு பெண்களின் டப்பாக்கள் ஒன்றாகத் திறந்தவை. அந்த இரண்டு பெண்களின் பெயரிலும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். எந்தக் கணத்தில் எது எதற்குள் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டிபன் வாளியைக் கேட்ட அந்தப் பெண்ணின் குரல் காதில் இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் முடிவு வந்தது. நாற்பத்தொன்றுக்குக் காசநோய் உண்டு. நாற்பத்திரண்டுக்கு இல்லை. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு பேருமே ஒரே பயராபீஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சரவெடி பின்னுகிறவர்கள். பெயர் சொல்லக் கூடாது என்பதால் இளையவர், மூத்தவர் என்று சொல்கிறேன். நாற்பத்தொன்று இளையவர். இருபத்துநாலு வயது, ஒன்றரை வயதுக் குழந்தை இருந்தது. நாற்பத்திரண்டு மூத்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு பெண் பிள்ளை.

இளையவருக்குக் காசநோய் மாத்திரை ஆரம்பித்தார்கள். மூத்தவருக்குத் தூசி அழற்சி என்று சொல்லி வேறு மாத்திரை கொடுத்தார்கள்.

ஐப்பசியில் தீபாவளி போனது. கார்த்திகை மழையில் ஒரு நாள் மூத்தவரை அவர் கணவர் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். அவர் விருதுநகரில் மிளகாய் வத்தல் சேமித்து வைக்கிற கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். மனைவியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்து பெஞ்சில் உட்கார வைத்தார். அந்த அம்மா வாயில் பொத்தியிருந்த துண்டு முழுக்க ரத்தம். மறுபடி சளி எடுத்துப் பரிசோதித்தேன். கிருமி அதிகம் என்று மிஷின் காட்டியது.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. மூன்று மாதத்துக்கு முன் இல்லாத கிருமி இப்போது வந்திருக்கலாம், அது நடக்கக்கூடியதுதான். எங்கள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் அம்மாவே அப்படித்தான் சொன்னார். பழைய முடிவைப் பார்க்கலாம் என்று நான்தான் பதிவேட்டைப் புரட்டினேன். நாற்பத்திரண்டு, இல்லை. அதற்கு மேலே நாற்பத்தொன்று, உண்டு. தேதியைப் பார்த்தேன். வெடி விபத்து நடந்த அன்று. இரண்டு டப்பாவையும் ஒன்றாகத் திறந்தது ஞாபகம் வந்தது.

எங்கள் ஆய்வில் ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சளி வாங்குவோம். முதல் டப்பாவைப் பரிசோதிப்போம். மறுநாள் காலையில் எழுந்ததும் எடுத்துத் தருகிற இரண்டாவது டப்பாவைப் பின்னால் தேவைப்படும் என்று உறைய வைத்துவிடுவோம். அந்த இரண்டும் உறைபெட்டியில் இருந்தன. மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் எடுத்தேன். இந்த முறை ஒவ்வொன்றாகத் திறந்தேன். இரண்டு மணி நேரம் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இளையவருக்குக் கிருமி இல்லை. மூத்தவருக்கு இருந்தது. ஆவணியிலேயே இருந்திருக்கிறது.

அப்போது மணி இரண்டரை. டாக்டர் நாலு மணிக்குக் கிளம்புவார். இந்த ஒன்றரை மணி நேரத்தில் என் மனசு போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

மூத்தவருக்கு இப்போது சரியான வைத்தியம் ஆரம்பித்தாகிவிட்டது, நான் சொன்னாலும் அதில் எதுவும் மாறப்போவதில்லை என்று நினைத்தேன். இளையவரை மறுபரிசோதனை என்று கூப்பிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி மாத்திரையை நிறுத்த வழி இருக்கிறதா என்று யோசித்தேன். அவருக்கு இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி, முடித்துவிட்டால்தான் என்ன என்றுகூட நினைத்தேன். யாருக்கும் கெடுதல் இல்லாத வழி மாதிரியே தெரிந்தது. நான் சொன்னால் என் வேலை போகும். மகளுக்குப் பள்ளிக்கூடம். வீட்டு லோன். மிஷினில் முடிவு அச்சாகி வந்த தாளைக் கிழித்தெடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இளையவரை எந்தத் தேதியில் கூப்பிடலாம் என்று பார்க்கத்தான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். களப் பணியாளர்கள் மாதா மாதம் வீட்டுக்குப் போய் விசாரித்து எழுதிக்கொண்டு வருவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் என் வேலைதான். அவருடைய பக்கத்தின் கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்ற இடத்தில், இரண்டு வாக்கியம் இருந்தது. 'குழந்தை ஆமத்தூரில் அம்மா வீட்டில் உள்ளது. வேலைக்குச் செல்லவில்லை.' அதைத் தட்டச்சு செய்ததே நான். என் விரல் அடித்திருக்கிறது, கண் படிக்கவே இல்லை.

எழுந்து டாக்டர் அறைக்குப் போனேன். தாளை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னேன். தப்பு செய்தேன் என்பதற்கு முன்னாலேயே, மறைக்க நினைத்தேன் என்பதைச் சொன்னேன். ஏனோ அது முதலில் வந்துவிட்டது.

டாக்டர் அம்மா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இளையவர் மாத்திரை சாப்பிட்டிருப்பாரா என்று கேட்டார். காலையிலேயே சாப்பிட்டிருப்பார் என்றேன். "நாளைக்கும் சாப்பிடுவாங்கள்ல" என்றார். பிறகு மதுரையில் உள்ள பெரிய லேபுக்குப் போன் செய்தார். இரண்டு டப்பாக்களிலும் மிச்சம் இருந்ததை அங்கே அனுப்பினோம். இரண்டு நாளில் பதில் வந்தது. அதே முடிவு.

ஆய்வைக் கண்காணிக்கிற குழுவுக்கு டாக்டர் எழுதினார். அந்தப் பெண்களிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் நான் வர வேண்டாம் என்றும் சொன்னார். எனக்காகச் சொன்னார் என்று தெரியும். நானும் வருகிறேன் என்றேன். ஜீப்பில் தாயில்பட்டிக்குப் போனோம். திருத்தங்கல் தாண்டும்போது டாக்டர், நிறுத்தித் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார்.

இளையவர் வீட்டில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றில் தனியாகப் பாய், தனியாகத் தட்டு, தனியாக ஒரு சொம்பு. ஆஸ்பத்திரியில், இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் பிறகு யாருக்கும் ஒட்டாது, பிரிந்து இருக்கத் தேவையில்லை என்று எத்தனையோ முறை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் கேட்கவில்லை. பயராபீஸில் எப்படியோ தெரிந்துபோய், சரம் பின்னுகிற இடத்தில் பக்கத்தில் உட்கார ஆள் வர மாட்டேன் என்கிறது என்று போர்மேன் அனுப்பிவிட்டார். தீபாவளி சீசன் முழுக்க வேலை இல்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தினமும் வாந்தி. கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

டாக்டர் மெதுவாக, எளிமையாகச் சொன்னார். உங்களுக்கு இந்த நோய் இல்லை, எங்கள் பக்கம் தப்பு நடந்துவிட்டது, மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடலாம் என்றார். அந்தத் தப்பைச் செய்தது நான்தான் என்று நான் சொன்னேன். இளையவரின் கணவர் கத்த ஆரம்பித்துவிட்டார். அவர் கத்தினதெல்லாம் நியாயம். தெருவே கூடிவிட்டது. அந்தப் பெண் மட்டும் தகரக் கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் புரியவில்லையோ என்று டாக்டர் மறுபடி ஆரம்பித்தார். அதற்குள் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப எம்பிள்ளையத் தூக்கிருக்கலாமா, சிஸ்டர்?"

தூக்கியிருக்கலாம் என்று தலையை ஆட்டினேன்.

"பால் கேட்டு அழுதுச்சு. அம்புட்டு அழுகை. எங்க அம்மா புடுங்கிட்டுப் போச்சு" என்றார். "இப்பப் போனா வர மாட்டேங்குது. யாரோன்னு பாக்குது."

நாங்கள் கிளம்பும்போது வாசல் வரை வந்து, அப்படியானால் அந்த நோய் யாருக்கு என்று கேட்டார். நாங்கள் அதைச் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. ஆனால் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் நின்று டப்பா கொடுத்தவர்கள். மூத்தவர் ரத்தம் கக்கி ஆஸ்பத்திரியில் இருப்பது ஊருக்கே தெரியும். எங்கள் முகத்தைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார். மூத்தவரை அவர் முறை வைத்து மதினி என்றுதான் கூப்பிடுவார். "மதினிக்கா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மூத்தவரைப் பார்க்க வார்டுக்குப் போனேன். டாக்டர் முந்தின நாளே அவர் கணவரிடம் சொல்லிவிட்டிருந்தார். மூத்தவரிடம் இன்னும் சொல்லவில்லை. தன்னால் சொல்ல முடியாது, நீங்களே சொல்லுங்கள் என்று கணவர் கேட்டுக்கொண்டாராம். டாக்டர் அன்று காலை சொல்வதாக இருந்தது. நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜன்னல் ஓரக் கட்டில். மூக்கில் ஆக்சிஜன் குழாய். எலும்புக் கூட்டில் சேலையைச் சுற்றியது போலப் படுத்திருந்தார். ஒரு நுரையீரல் கிட்டத்தட்டப் போய்விட்டது, மற்றதும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று வார்டு டாக்டர் சொல்லியிருந்தார். காசநோய்க்கு மாத்திரை கொடுக்க வேண்டிய மூன்று மாதமும் நாங்கள் அவருக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை கொடுத்திருக்கிறோம். அவர் மகளுக்கும் நோய் ஒட்டியிருப்பது அந்த வாரம்தான் தெரிந்தது. நல்லவேளையாக ஆரம்ப நிலை.

நான் சொல்லி முடிக்கிற வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்தேன். கையை அவர் இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல. எதுக்குச் சொன்னீக?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அழுவார், ஏசுவார், அல்லது விடுங்கம்மா என்று சொல்வார் என்று மூன்றுக்கும் மனசைத் தயார் செய்து வைத்திருந்தேன். உங்களுக்குத் தெரிய வேண்டியது உங்கள் உரிமை என்று எங்கள் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் வந்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அழுதேன். அழுததற்கும் வெட்கமாக இருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன். அப்போது பேசினார்.

"சொன்னது சொன்னீக. எங்க அத்தைகிட்டப் போய்ச் சொல்லுங்க. நோவ மறைச்சு வச்சுப் பிள்ளைக்கு ஒட்ட வச்சிட்டேன்னு நெனைக்கிது. ஆசுபத்திரிப் பக்கமே எட்டிப் பாக்கல. நான் மறைக்கலன்னு சொல்லுங்க."

அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அடுத்த நாள் பஸ்ஸில் தாயில்பட்டி போனேன். டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், ஆனால் தனியாகப் போனேன். மூத்தவரின் மாமியாருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வீட்டுக்குள் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார். பசைக் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. அவர் பேத்தி மூலையில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை வெளியே விளையாடப் போகச் சொன்னார்.

உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். உங்கள் மருமகளுக்கு ஆவணியிலேயே நோய் இருந்தது, எங்கள் லேபில் சளி மாறிப்போய் நோய் இல்லை என்று சொல்லிவிட்டோம், மாற்றியது நான், அவர் எதையும் மறைக்கவில்லை, நாங்கள் சொன்னதைத்தான் அவர் உங்களிடம் சொன்னார் என்றேன். நான் பேசுகிறபோதே அவர் கை குழாயைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று குழாய் சுற்றி வைத்தார். பிறகு கை நின்றது. எழுந்து உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து வந்து நீட்டினார். எங்கள் சீட்டு. கீழே என் கையெழுத்து.

"இதத்தான் காமிச்சா. நோவு இல்லேன்னு போட்டிருக்கு பாருங்கத்தேன்னா. எனக்குப் படிக்கத் தெரியாது. பொய்யி சொல்றான்னு சொல்லிட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். போங்க என்று கையைக் காட்டினார். கோபமாக இல்லை. நான் போனால்தான் அவர் அடுத்ததைச் செய்ய முடியும் என்பது போல. நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது, சேலை மாற்றிக்கொண்டு, கையில் ஒரு பையோடு அவரும் வந்து நின்றார். ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினோரு நாள் அவர் மருமகளின் கட்டிலடியிலேயே இருந்தார் என்று வார்டு நர்ஸ் சொன்னார். தலை வாரி விட்டாராம், கஞ்சி ஊட்டினாராம். பன்னிரண்டாம் நாள் காலையில் மூத்தவர் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவர் கணவர் எங்கள் லேபுக்கு வந்தார். அடிக்க வந்திருக்கிறார் என்று வாட்ச்மேன் பயந்தார். அவர் அப்படி வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, எந்த மிஷினில் பார்த்தீர்கள் என்று கேட்டார். காட்டினேன். அது ஒரு சின்னப் பெட்டி, நாலு கதவு. அதையே வெகு நேரம் பார்த்தார்.

"மிசினு தப்புப் பண்ணலைல்ல?" என்றார்.

"இல்லண்ணே. நான்தான்."

சரி என்பது போலத் தலையை ஆட்டினார். மகளின் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

விசாரணைக் குழு முன்னால் நான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேர் வேலை, பிள்ளைக்குக் காய்ச்சல், தூக்கமின்மை, வெடி விபத்து என்று எல்லாம் எழுதினேன். எல்லாம் உண்மை. அப்போது டாக்டர் அம்மா ஒரு பழைய படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். எங்கள் ஆய்விலேயே, அதில் வேலை பார்க்கிற எங்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு படிவம் உண்டு. தூக்கம் கெடுகிறதா, வேலை அதிகமாக இருக்கிறதா, பார்த்த எதுவும் மனசை உறுத்துகிறதா என்று கேள்விகள். அந்த விபத்து நடந்த வாரத்தில்தான் அதை நிரப்பியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் 'இல்லை, இல்லை, இல்லை' என்று ஒரே கோடாக டிக் அடித்திருந்தேன்.

இதை நீ ஒரு கேள்விக்காவது உண்மையாக நிரப்பியிருந்தால் நான் ஆள் கேட்டிருப்பேனே என்று அவர் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தன்னுடைய படிவத்தையும் எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். அதுவும் அதே மாதிரி ஒரே கோடு.

"நானும் இப்படித்தாம்மா போட்டிருக்கேன்" என்றார்.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ. மூன்று மாதம் மிஷினைத் தொடக் கூடாது என்றார்கள். இரண்டாவது ஆளைப் போட்டார்கள். ஒருவர் ஊற்ற, ஒருவர் எண்ணைப் படிக்க வேண்டும் என்று விதி வந்தது. நோய் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு இளையவர் தன் பழைய பயராபீஸுக்குப் போனார். இடமில்லை என்றுவிட்டார்கள். இப்போது பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போகிறார் என்று களப் பணியாளர் சொன்னார். குழந்தை அவரிடம் திரும்ப ஒட்டிக்கொள்ள ஒரு வருடம் ஆனதாம். என்னைப் பார்க்க விருப்பம் இல்லை என்று சொல்லியனுப்பியிருக்கிறார். நான் போகவில்லை.

மூத்தவரின் மகள் மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் முடித்தாள். மாதா மாதம் பாட்டியோடு வருவாள். கடைசிப் பரிசோதனையில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. அந்த முடிவை நானும் புது ஆளும் சேர்ந்து மூன்று முறை சரிபார்த்தோம். சொன்னபோது அந்த மாமியார் சீட்டை வாங்கி, யாரையாவது படிக்கச் சொல்லுங்கள் என்றார். பேத்தியே சத்தமாகப் படித்தாள்.

இதை அறிந்த ஓரிருவர், வேறு யாராவது என்றால் மறைத்திருப்பார்கள், நீ உண்மையைச் சொன்னாயே, அதுவே பெரிது என்பார்கள். அன்று டாக்டர் அறைக்குப் போகாமல் இருந்திருந்தால் நான் இன்று எப்படி இருந்திருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது, அது சரிதான். ஆனாலும் அந்த ஆறுதலை என்னால் வாங்கிக்கொள்ள முடிவதில்லை. ஒருத்திக்குப் பிழைக்க இருந்த மூன்று மாதம், இன்னொருத்திக்குப் பிள்ளையைத் தூக்க இருந்த மூன்று மாதம். அந்த நாட்கள் என்னுடையவை அல்ல, நான் என்ன சொன்னாலும் அவற்றைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு டப்பாவையும் திறக்கும்போது இன்னமும் அது என் கைக்குத் தெரிகிறது.